பாகாத் தவளையும் மலைக் கௌதாரியும் அப்பாவின் மூச்சும்

போஜ்பூர்,
ஆனி மழை.

மதிப்புக்குரிய ரணபீர் மாமாவுக்கு,

போன் இருக்கும்போது கடிதம் எழுதுவதற்கு மன்னியுங்கள். உங்கள் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது. இங்கு அம்மா, அத்தை, எருமை எல்லோரும் நலம். அப்பாவும் நலம்தான், அடுப்படியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் நடுவில் ஒரு முறை உட்கார்ந்துகொள்கிறார். கால்கள் வீங்கியிருக்கின்றன. மழையில் சோளப் பயிரும் படுத்துவிட்டது.

இதயத்தைப் பார்க்க வேண்டும், தரான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்று சுகாதார நிலையத்தில் சொன்னார்கள். அதற்குள் வீட்டில் வேறு வழக்கு வந்துவிட்டது. ஓடையில் பிடித்துப் புகையில் உலர்த்திய பாகாத் தவளையின் சாறுதான் மருந்து என்கிறார் அம்மா. மலைக் கௌதாரிதான் என்கிறார் அத்தை.

"தவளை குளிர்ச்சி அண்ணி! ஏற்கெனவே மூச்சு இழுக்குது, இன்னும் ஈரத்த ஊத்துவீங்களா?"

"உன் கௌதாரி மட்டும் என்ன? றெக்கை இருந்தும் புதருக்குள்ள ஓடி ஒளியுது. அதத் தின்னா உங்க அண்ணனும் ஒளிவாரு."

பக்கத்து வீட்டுக்காரர்கள் கேழ்வரகுக் கள்ளோடு வந்து ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். கடைசியில், "விலங்கியல் படிச்சவ இருக்காளே, அவ சொல்லட்டும்" என்றார்கள். நான் கதவோரம் நின்றபடி, தவளை தோலாலும் மூச்சு விடும், கௌதாரிக்கு நுரையீரலோடு காற்றுப் பைகளும் உண்டு என்றேன்.

"ரெண்டுக்கும் இவ்வளவு வசதியா!" என்று ஏங்கினார் அப்பா.

"பாத்தியா, தோலாலயே மூச்சு விடுது!" என்றார் அம்மா. "பை வேற இருக்காம்!" என்றார் அத்தை. தீர்ப்பு தன் பக்கம் என்றே இருவரும் எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து இரண்டும் ஒரே சட்டியில் கொதிக்கின்றன. ஆஸ்பத்திரி என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

"ஆஸ்பத்திரியா? அது தாவுமா, ஓடுமா?" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரிக்கத் தொடங்கினார். முடிக்க மூச்சு போதவில்லை.

மாமிக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சிர்மாயா

பி.கு.: மேலே உள்ளதை அப்பா வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அதனால்தான் நலம் என்று எழுதினேன். நலமில்லை மாமா. படுத்தால் மூச்சு முட்டுகிறது. தூணில் சாய்ந்தேதான் தூங்குகிறார். அம்மாவின் அண்ணனான நீங்கள் நேரில் வந்து சொன்னால் அப்பா தட்டமாட்டார். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் ஜீப் மறுநாளே இங்கே திரும்புகிறது. அதில் ஏறி வந்து அப்பாவைத் தரானுக்குக் கூட்டிப் போங்கள், மாமா.