விதைக்காய்களுக்கு நடுவே ஒரு லேஅப்

காலை மணி ஒன்பது பதினேழு. திருப்பதியில் அந்த உள்விளையாட்டு அரங்கின் இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது தரையை. மரப்பலகைத் தரை, வார்னிஷ் மினுமினுப்பு, அதன்மேல் கோடுகள். வெள்ளைக் கோடு பாஸ்கெட்பாலுக்கு, மஞ்சள் வாலிபாலுக்கு, பச்சை பேட்மின்டனுக்கு. சிவப்பு எதற்கென்று இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்த நிமிடமே திரும்பி நடந்து புத்தூர் பஸ்ஸைப் பிடித்திருந்தால் நான் கொஞ்சம் மரியாதையோடு வாழ்ந்திருப்பேன். நான் குனிந்து ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டேன்.

அப்போது எனக்கு இருபது வயது. புத்தூரில் ஒரு கல்லூரியில் டிகிரி கடைசி வருடம். உயரம் ஐந்தடி ஒன்றரை அங்குலம் (அந்த அரை அங்குலத்தை எந்த விண்ணப்பத்திலும் விட்டதில்லை). எட்டுப் பேர் இருந்த எங்கள் அணியில் நான் ஏழாவது ஆள். எட்டாவது ஆளுக்கு முழங்காலில் கட்டு.

அன்று எங்களுக்கும் சித்தூர் கல்லூரி ஒன்றுக்கும் ஆட்டம். இரண்டு அணிகளிலிருந்தும் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பார்கள். அந்த அணியில் இடம் கிடைத்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் திருப்பதியில் ஜர்னலிசம் பி.ஜி. சீட், கூடவே ஹாஸ்டல். என் மதிப்பெண்ணுக்கு வேறு எந்த வழியிலும் அந்த சீட் கிடைக்காது. விஜயபுரம் பக்கத்தில் மணிலா (வேர்க்கடலைக்கு எங்கள் ஊர்ப் பெயர்) போடும் என் அப்பா, அதாவது நைனா, தீர்ப்பை முன்பே சொல்லிவிட்டார்.

“செலக்ட் ஆனியா, திருப்பதியில போயி படி. இல்லியா, வூட்ல இருந்துகினே தபால்ல படி. நடுவுல இன்னொன்னு கெடையாது.”

ஆக, நான் பத்திரிகைக்காரி ஆவது அந்த இரும்பு வளையத்துக்குள் பந்து விழுவதைப் பொறுத்து இருந்தது.

லேஅப் என்பது பாஸ்கெட்பாலில் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடி, கையில் பிடித்து, இரண்டு அடி வைத்து, எழும்பி, பலகையில் மெல்லச் சாய்த்துவிட வேண்டும். மூன்றாவது அடி வைத்தால் விசில். எங்கள் பி.டி. சார் தெலுங்கில் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: “சிம்பிள்கா வெய்யம்மா.” சும்மா போடும்மா.

சும்மா போடுவதா? எனக்கா? அதற்கு இரண்டு வாரம் முன்புதான் போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். ஆட்டக்காரர் பந்தைப் பிடித்ததும் முதல் அடியை அகலமாக வலப்பக்கம் வைக்கிறார். தடுப்பவர் வலப்பக்கம் சாய்கிறார். இரண்டாவது அடி இடப்பக்கம். தடுப்பவர் வெறும் இடத்தைத் தடுத்துக்கொண்டு நிற்க, பந்து உள்ளே போகிறது. முதல் அடி பொய், இரண்டாவது அடி நிஜம். இதை நாற்பது தடவை பார்த்தேன். நாற்பதாவது தடவையில், கடவுள் இந்த வித்தையை எனக்காகத்தான் படைத்தார் என்று தெளிவாகிவிட்டது (புத்தி அவ்வளவுதான்).

தசரா விடுமுறைக்கு ஊருக்குப் போனேன், கல்லூரிப் பந்தையும் எடுத்துக்கொண்டு. ஊரில் வளையம் கிடையாது. சிமென்ட் தரை என்று இருந்தது எங்கள் களம் ஒன்றுதான், அதில் அப்போது மணிலா காய்ந்துகொண்டிருந்தது. அதுவும் விதைக்காய், அடுத்த பட்டத்துக்கு எடுத்து வைப்பது. ஓடு உடைந்தால் விதை வீண். நைனா அதை நீள நீளமாகப் பட்டை பட்டையாகப் பரப்பி, நடந்துபோக ஒரு அடி அகலத்துக்கு இடைவெளி விட்டிருந்தார்.

வேறு யாராவது அதைப் பார்த்தால் மணிலா காய்கிறது என்று நினைப்பார்கள். எனக்கு அது பயிற்சிக்கூடமாகத் தெரிந்தது. வலப்பக்க இடைவெளியில் ஒரு அடி, பட்டையைத் தாண்டி இடப்பக்க இடைவெளியில் ஒரு அடி.

நைனா வேப்பங்குச்சியோடு வந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இன்னாடி பண்ணிகினு கீற? பந்து ஆடறியா, பேய் ஓட்டறியா?”

“ஏமாத்தறேன் நைனா.”

“யார?”

“எதிராளிய.”

அவர் ஆளில்லாத களத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். “சரி. காய மிதிச்ச, தோல உரிச்சிடுவேன்.”

பத்து நாள், நாளுக்கு முந்நூறு தடவை. கண்ணைத் தரையிலிருந்து எடுக்கவே இல்லை. மேலே பார்க்க வளையமும் இல்லை. விடுமுறை முடிந்து கிளம்பும்போது நைனா களத்தைச் சுற்றி வந்து, “ஒரு காய் ஒடையலடி” என்றார். அதைப் பயிற்சி முடித்ததற்கான சான்றிதழாகவே எடுத்துக்கொண்டேன். என் கால்கள் பத்து நாளில் எதைக் கற்றுக்கொண்டன என்று எனக்கு அப்போது தெரியாது. கல்லூரிக்குத் திரும்பிய பிறகும் தெரியவில்லை. அங்கே மைதானத்தில் கோடுகள் எங்கள் சீனியர்கள் காலத்திலேயே அழிந்துவிட்டிருந்தன.

மூன்றாவது குவார்ட்டரில் சார் என்னை உள்ளே அனுப்பினார். பார்வையாளர் மாடத்தில் நைனா வெள்ளைச் சட்டையில், கையில் சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்திருந்தார். ஓரமாக ஒரு மேஜை, பின்னால் டிராக்சூட் போட்ட மூன்று தேர்வாளர்கள். எங்கள் கேப்டன் சுஜி, தமிழும் தெலுங்கும் கலந்தே திட்டுபவள், பந்தை என்னிடம் தள்ளினாள். ஓடினேன். பிடித்தேன். வலப்பக்கம் ஒரு அடி.

காலடியில் பச்சைக் கோடு வந்தது. என் கால் அதைத் தாண்டியது. அடுத்து மஞ்சள், அதையும் தாண்டியது. அப்புறம் சிவப்பு. எந்தக் கோட்டையும் மிதிக்காமல், சூடான தரையில் கோழி நடப்பது போல வளையத்துக்கு அடியில் போய்ச் சேர்ந்தேன்.

விசில்.

“ஸ்டெப்ஸ்!” நடுவர் இரண்டு கை முஷ்டியையும் சுற்றிக் காட்டினார். பிறகு ஆர்வத்தை அடக்க முடியாமல் என்னிடம் தனியாகச் சொன்னார்: “அஞ்சும்மா.”

சுஜி பக்கத்தில் வந்தாள். “ஏன்டி, பாண்டி ஆடறியா?”

இரண்டாவது தடவை எனக்கு முன்னால் சித்தூரின் பதினொன்றாம் நம்பர் நின்றாள். அவளைப் பற்றி ஒரு தகவல் பின்னால்தான் தெரிந்தது. அவள் பாஸ்கெட்பால்காரியே இல்லை, ஷாட்புட் எறிபவள். அவர்கள் அணியில் ஒருத்திக்குக் காய்ச்சல் வந்ததால் முந்தைய நாள் பிடித்து வந்திருந்தார்கள். ‘இங்கே நில், கையைத் தூக்கு’ என்பது மட்டுமே அவளுக்குத் தரப்பட்ட பயிற்சி.

நான் வலப்பக்கம் பொய்யடி வைத்தேன். அவள் சாயவில்லை. தலையைக்கூடத் திருப்பவில்லை. ஏமாறுவதற்குக் கொஞ்சமாவது ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்பதை வீடியோவில் யாரும் சொல்லவில்லை. இடப்பக்கம் அடுத்த அடி வைத்தேன். அங்கேதான் அவள் ஆரம்பத்திலிருந்தே நின்றுகொண்டிருந்தாள். முட்டி, உட்கார்ந்த நிலையில் தரையில் விழுந்தேன். ஃபவுல் என் பேரில்.

அவள் குனிந்து என்னைத் தூக்கிவிட்டாள். “ஏம்மா, இவ்ளோ எடம் கீதே, எம்மேலதான் வந்து வுழணுமா? எந்தப் பக்கம் போறன்னு சொல்லு, நவுந்துக்கறேன்.”

உண்மையான அக்கறையோடு கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

கடைசி நாற்பது வினாடி. நாங்கள் ஒரு புள்ளி பின்னால். சுஜி எதிரணியிடமிருந்து பந்தைத் தட்டிப் பறித்து, நீளமாக எனக்கு எறிந்தாள். எனக்கு முன்னால் யாருமே இல்லை. இதை நிதானமாகவே எழுதுகிறேன்: யாருமே இல்லை. நானும் வளையமும்தான். பதினொன்றாம் நம்பர் பின்னால் பத்தடி தள்ளி, ஓடாமல் நடந்து வந்துகொண்டிருந்தாள்.

“சிம்பிள்கா!” என்று சார் கத்தினார்.

“நேரா போடுடி!” என்று சுஜி கத்தினாள்.

“காலு, காலு, பாத்து!” என்று மாடத்திலிருந்து நைனா கத்தினார். களத்தில் பத்து நாள் கேட்ட அதே குரல்.

நான் வலப்பக்கம் ஒரு அடி வைத்து, இல்லாத ஒருத்தியை ஏமாற்றினேன். கோடு வந்தது. இடப்பக்கம் தாவினேன். வேகம் போயே போய்விட்டது, ஒரு காலில் நின்று அடுத்த இடைவெளியைத் தேடினேன். மேஜையிலிருந்து ஒரு தேர்வாளர் பக்கத்தில் இருந்தவரிடம் தெலுங்கில், ‘இந்தப் பெண் யாரிடமிருந்து தப்பிக்கிறது?’ என்று கேட்டது என் காதிலேயே விழுந்தது. அதற்குள் பின்னால் வந்து சேர்ந்த பதினொன்றாம் நம்பர், அழும் குழந்தையைத் தாயிடமிருந்து வாங்குவது போல, என் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டாள். நான் நிறுத்தவில்லை. நாளுக்கு முந்நூறு தடவை பழகிய உடம்பு பாதியில் நிற்காது. எழும்பினேன். எங்கோ ஒரு கேமரா பளிச்சென்றது.

ஒரு புள்ளியில் தோற்றோம்.

“யார்டி அது?” என்றாள் சுஜி. “யார ஏமாத்தின? காத்தையா?”

ஒரு மணிக்குப் பட்டியல் ஒட்டினார்கள். மேலிருந்து கீழே படித்தேன், கீழிருந்து மேலே படித்தேன். என் பெயர் இல்லை. பதினொன்றாம் நம்பர் பெயர் இருந்தது. அவள் என் தோளைத் தட்டினாள்.

“என் பேரு போட்டுகீறாங்க. இன்னா டீமு இது?”

சொன்னேன். அவள் முகம் வாடியது. “அய்யோ, எனக்கு இந்த ஆட்டமே தெரியாதே.”

திரும்பி வரும் பஸ்ஸில் நைனா என் பக்கத்தில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். வடமாலபேட்டை தாண்டியதும் பையைத் திறந்து புளிச்சாதத்தை நீட்டினார். “துன்னு.”

“சீட்டு போச்சு நைனா.”

“தெரியும்.” பையை மூடிக் காலடியில் வைத்தார். “ஆனா ஒன்னு சொல்றேன். அங்க ஆடினவங்க அத்தினி பேருல, ஒரு கோட்ட கூட மிதிக்காதவ நீ ஒருத்திதான். கவனிச்சிகினே இருந்தேன்.”

அழுகைக்கு நடுவே புளிச்சாதம் தின்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்று தெரிந்தது.

தபாலில்தான் படித்தேன். ஒரு தெலுங்கு நாளிதழின் எழுத்துத் தேர்வில் தேறி, இப்போது அதே திருப்பதியில், மாவட்டப் பக்கத்தின் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். புகைப்படங்களுக்குக் கீழே வரி எழுதுவது என் வேலைகளில் ஒன்று. வீட்டில் யாராவது ஒரு விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஆரம்பித்தால் அம்மா இன்றும் “சிம்பிள்கா!” என்கிறாள். என் கணவருக்குக்கூடப் பழகிவிட்டது. காய் பரப்பும் காலத்தில் ஊருக்குப் போனால், களத்துக்குள் இறங்கத் தடையில்லாத ஒரே ஆள் நான்தான்.

ஆட்டத்துக்கு மறுநாள் வேறொரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் என் படம் வந்திருந்தது. கீழே தெலுங்கில் ஒரு வரி: பந்தை வளையத்துக்குள் செலுத்தும் புத்தூர் வீராங்கனை. நைனா அதை வெட்டி லேமினேட் செய்து, விதைக்காய் மூட்டை அடுக்கும் அறையின் கதவுக்கு மேல் மாட்டியிருக்கிறார். மணிலா வியாபாரிகள், சொந்தக்காரர்கள், என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் என்று வந்தவர் அத்தனை பேரையும் அங்கே நிறுத்தி, “என் பொண்ணு பந்து போட்டது” என்று காட்டுவார். எல்லோரும் நிமிர்ந்து பார்த்து, தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

படம் தெளிவாகவே இருக்கிறது. தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் இருக்கிறேன். வலது கை வளையத்தை நோக்கி நீண்டிருக்கிறது. கண்கள் தரையைப் பார்க்கின்றன. படத்தில் பந்து இல்லை.