அடுத்தவர் பல்லுக்கு அதிகாரி

நம்மிடையே ஒரு வகை மனிதர் உண்டு. எதிரே வருபவரின் முகத்தைப் பார்க்க மாட்டார், நேரே வாய்க்குள் போய்விடுவார். எந்தப் பல் தூக்கல், எது கோணல், எங்கே சந்து என்று நொடியில் கணக்கெடுத்து, கல்யாணப் பந்தியில் நாலு பேர் காதில் விழும்படி அறிவித்துவிட்டு, ‘நல்லதுக்குத்தான் சொல்றேன்’ என்று பாயசத்தை உறிஞ்சுவார். யாராவது கேட்டார்களா? கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்று அவருக்கு என்ன தலையெழுத்து?

நாகலாபுரத்து வேங்கடாசலம் இந்த வகை. வி.ஆர்.ஓ.வாக, அதாவது கிராம வருவாய் அதிகாரியாக இருந்து ஊர் நிலத்தையெல்லாம் அளந்தவர், ஓய்வுக்குப் பின் பல்லை அளக்க ஆரம்பித்தார். முன்பல் தூக்கலாயிருந்த தம்பி மகள் ரூபாவுக்குச் சின்ன வயதிலேயே ‘தேங்காய்த் துருவி’ என்று பட்டம் கட்டியவர் அவர்தான். பட்டம் பள்ளிக்கூடம் வரை போயிற்று. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டே சிரித்து வளர்ந்தாள்.

ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலை கிடைத்ததும் ரூபா செய்த முதல் காரியம், திருப்பதிக்குப் போய்ப் பல்லுக்குக் கம்பி போட்டுக்கொண்டதுதான். வலியில் ரசம் சாதத்தைக்கூட விழுங்க முடியாமல் அவள் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்துப் பெரியப்பா வந்தார்.

“இன்னாம்மா இது, வாய்க்கு வேலி போட்டுக்கினு? வேரெல்லாம் ஆடிப்பூடும். அப்புறம் ஆயுசுக்கும் கஞ்சிதான் துன்னணும்.”

துருவியென்று சொன்ன அதே வாய்! ரூபாவின் அம்மா லட்சுமம்மா பயந்துபோய், கழற்றிவிடச் சொல்லி அழுதாள். அழுகை தாங்காமல் ரூபாவும் அடுத்த மாதம் டாக்டரிடம் போய்க் கழற்றச் சொன்னாள். பயமுறுத்தியவர் எந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார் என்று டாக்டர் விசாரித்தார். பிறகு கண்ணாடியைக் கையில் கொடுத்தார். முன்பல் இரண்டும் ஏற்கெனவே கொஞ்சம் உள்ளே வந்திருந்தன. ரூபா நெடுநேரம் பார்த்தாள். கம்பியோடேயே பஸ் ஏறினாள்.

அடுத்து வந்த காதுகுத்துப் பந்தியில் பெரியப்பா மறுபடி வேலிப் பேச்சை எடுத்தார். ரூபா குரலை உயர்த்தவில்லை.

“கம்பி இருக்கறது என் பல்லுல பெரியப்பா. உங்களுக்கு ஏன் வலிக்குது?”

வேங்கடாசலம் அப்பளம் கேட்டார்.

இத்தோடு அவர் திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? இந்த வகைக்குத் திருத்தம் கிடையாது. கம்பி கழன்று, பல் வரிசையாகி, நிச்சயதார்த்தத்துக்குப் புத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது, அவர்களிடம் முதலில் போய் உட்கார்ந்தவர் அவரே. திருப்பதிக்குப் போகச் சொல்லி வழிகாட்டியதே தாம்தான் என்றார். கேட்டுக்கொண்டிருந்த ரூபா, வாய்விட்டு, ஊரே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். அவரோ அதற்குள் மாப்பிள்ளை பக்கம் திரும்பி, உச்சந்தலையில் முடி கொஞ்சம் கொட்டுகிறதே என்று கவலைப்பட ஆரம்பித்திருந்தார்.

இவ்வளவும் படித்தீர்கள். படிக்கும்போது உங்கள் நினைவுக்கு வந்தது யாருடைய பல்? உங்களுடையது என்றால் நீங்கள் பிழைத்தீர்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணுடையது என்றால், தயவுசெய்து இன்று மட்டும் அவளிடம் ஒன்றும் சொல்லாதீர்கள்.