தீவுகளை ரிஜெக்ட் செய்தவர்

காலை ஐந்து நாற்பது. முதலில் கண்ணில் பட்டது ஒரு குரங்குக் குல்லா. அதற்கு எதிரே சுவரில் ஓர் உலக வரைபடம். குல்லாவுக்குள் ஓர் ஆள் இருக்கிறார் என்பதும், அவர் மொரீஷியஸ் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கிறார் என்பதும் மாடிப்படி இறங்கி அருகே வந்த பிறகுதான் தெரிந்தது.

"என்னண்ணா இது?"

"ரிஜெக்ட்" என்றார்.

தீவுகளைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. விலைக்கு வாங்கியவர்கள் உண்டு. கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கியவர்களும் உண்டு. ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டு வராந்தாவில் நின்றபடி, உலகத்தின் தீவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளுபடி செய்தவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

சானமாவுக் காட்டிலிருந்து யானைகள் ராகிக் கொல்லையில் இறங்கிவிட்டதாக போன் வந்து, பத்திரிகைக்குச் செய்தி எடுக்க நான் கிளம்பிய காலை அது. யானைகள் எப்படியும் மெதுவாகத்தான் சாப்பிடும் என்று நின்றுவிட்டேன்.

தெருவில் எல்லோருக்கும் அவர் 'ரிஜெக்ட் அண்ணன்'. எஞ்சினுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவர். இயந்திரத்திலிருந்து வரும் ஒவ்வொரு துண்டையும் வெர்னியர் காலிப்பரில் அளந்து, சரியென்றால் பச்சை ஸ்டிக்கர், சந்தேகமென்றால் மஞ்சள், கூடாதென்றால் சிவப்பு ஒட்டுவார். பச்சை ஸ்டிக்கர் சுருளை அவர் வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்தார்கள் என்றும், ஓய்வு பெறும்போது அதே சுருளைத் திருப்பிக் கொடுத்தார் என்றும் உடன் வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். உழவர் சந்தையில் அவர் வருவதைப் பார்த்தால் தக்காளிக்காரம்மா கூடையைத் துணியால் மூடிவிடும். டீக்கடையில் வடையின் ஓட்டை நடுவில் இல்லை என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார். அவருடைய கல்யாணத்தில், மூன்றாவது முடிச்சு தளர்வாக இருக்கிறது என்று தாலியை அவிழ்க்கப் போனவரைப் பெரியவர்கள் கையைப் பிடித்து நிறுத்தினார்களாம். இதைச் சொன்னது அவருடைய மனைவி சரோஜாக்கா.

"எல்லாத்தயும் ரிஜெக்ட் பண்ண மனுசன், என்னைய மட்டும் விட்டுட்டாரு. அன்னிக்கி கண்ணாடி போட்டுக்கினு வரல போல."

சரோஜாக்காவுக்குக் கெலமங்கலம். வீட்டுப் பேச்சு தெலுங்கு. தமிழில் கேலி செய்வார், கோபம் வந்தால் தெலுங்குக்கு மாறுவார், அப்போது தெருவே அடங்கிவிடும். அவர் களி கிண்டினால் வாசனை மாடி வரைக்கும் வரும். கையால் உருட்டி வைக்கும் களி உருண்டைகளை ஒருநாள் அண்ணன் வெர்னியரில் அளந்து பார்த்திருக்கிறார். எல்லா உருண்டையும் ஒரே அளவு. அன்றிலிருந்து, அவர் வாழ்க்கையில் குறை சொல்லாத ஒரே பொருள் அந்தக் களி.

தீவு விவகாரத்துக்குக் காரணமும் சரோஜாக்காதான். ஓசூர்க் குளிர் அவருக்கு ஆகாது. கார்த்திகை பிறந்தால் நெஞ்சில் விசில் ஊதும். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால், மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்குவார். 'இன்னும் ரெண்டு குளிர்காலம் இந்த ஊர்ல இருந்தா நுரையீரல் தாங்காது. கடற்கரைப் பக்கம், சூடான ஊரா பார்த்துப் போயிடுங்க' என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வேறு யாராக இருந்தாலும் சென்னைக்கோ கடலூருக்கோ போயிருப்பார்கள். அண்ணன் யோசித்தார்.

"கடல்காத்து நல்லதுன்னு சொல்லிட்டாரு. மெட்ராஸ்ல கடல் எத்தினி பக்கம் இருக்குது?"

"ஒரு பக்கம்."

"தீவுல?"

"நாலு பக்கமும்."

"அப்போ ஒரு பக்கம் இருக்கற ஊருக்கு நான் எதுக்குப் போவணும் தம்பி?"

வரைபடத்தில் மெட்ராஸைத் தேடிப் பார்த்தேன். ஒரு பக்கம்தான்.

ஆனால் போகிற இடத்தில் சும்மா உட்கார முடியாது. "வேல இல்லாம நாலு நாள் இருந்தா என்னயே நான் ரிஜெக்ட் பண்ணிருவன்" என்பார். அதனால் தொழிலும் முடிவாகிவிட்டது. சரோஜாக்காவின் கையால் களி மெஸ். தொழில் பாஸ், சமையல்காரி பாஸ். தீவு மட்டும்தான் பாக்கி.

அந்தப் பாக்கிதான் ஒன்றரை வருடம் இழுத்தது.

இலங்கை முதலில் போனது. "ரொம்பப் பெரிசு. நடுவுல நின்னா தீவுன்னே தெரியாது." மாலத்தீவு, தண்ணீர் மட்டத்துக்கு மேல் உயரம் போதாது என்பதால் சிவப்பு. "டாலரன்ஸே இல்ல தம்பி, கூடக் கொறைய எடமில்ல. கடல் ஒரு தும்மல் தும்முனா முடிஞ்சிது." செஷல்ஸில் ஏகப்பட்ட துண்டுகள், ஒன்று போல் ஒன்று இல்லை. "இதுல எது மாஸ்டர் பீஸு, எத வெச்சி மத்தத அளக்கறது?" என்று வரைபடத்தைப் பார்த்தே கேட்டார். ஹவாயில் எரிமலை.

"அடியில அடுப்பு எரியுதாம்" என்று சரோஜாக்காவிடம் சொன்னார்.

"நல்லதுதான. கேஸ் மிச்சம்" என்றார் அக்கா.

லட்சத்தீவுக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும் என்று தெரிந்ததும் அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான்தான அதுக்கு அனுமதி குடுக்கணும்? அது யாரு எனக்குக் குடுக்க?" உடனே சிவப்பு. கோடை முடிவதற்குள் இந்தியப் பெருங்கடல் அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது.

மஞ்சள் ஸ்டிக்கரோடு ஒட்டிக்கொண்டிருந்தது அந்தமான் ஒன்றுதான். தொழிற்சாலைக் கேன்டீன்காரர் மத்தூர்க்காரர். அவருடைய ஊர்க்கார பாய் ஒருவர் போர்ட் பிளேரில் பல வருடமாக டீக்கடை வைத்திருக்கிறார் என்று நம்பர் கொடுத்தார். அண்ணன் வராந்தாவில் ஸ்பீக்கரைப் போட்டுப் பேசினார். தெரு கேட்டது.

"பாய்ங்களா? ஓசூர்லருந்து பேசறன். உங்க தீவுல என்னென்ன கொற?"

"ஏனுங்க, தீவ வாங்கப் போறீங்களா?"

"குடி வரணும். அதுக்கு முன்ன சாம்பிள் பாக்கணும். ஒரு பாட்டில் காத்து அனுப்புவீங்களா? மூடிய நல்லா இறுக்கி, மேல தேதி எழுதி."

அந்தப் பக்கம் டீ ஆற்றும் சத்தம் நின்றது.

"காத்தா?"

"கடல்காத்து. கடைக்குள்ள புடிக்காதீங்க, பால் வாசன ஏறிக்கும்."

"ஆவட்டும்ங்க. இங்க வந்து என்ன பண்ணுவீங்க?"

"களி மெஸ்."

பாயின் குரல் தழைந்து வந்தது. "களியா? அவரக்கொட்டக் கொழம்போடவா?"

"வேற எதோட?"

"அண்ணா, காத்து என்னங்ணா, கடலயே மொண்டு அனுப்பறன். மொதல்ல நீங்க ஒரு உருண்ட எனக்கு சாம்பிள் அனுப்புங்க."

கேட்டது நியாயம். சாம்பிள் கேட்பவர் சாம்பிள் கொடுக்க வேண்டும் என்பது அண்ணனின் தொழில் தர்மம். சரோஜாக்கா தலையில் அடித்துக்கொண்டு ஓர் உருண்டை உருட்டிக் கொடுத்தார். அண்ணன் அதற்குப் பிளாஸ்டிக் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, 'தலைகீழாக வைக்காதீர்' என்று எழுதி பார்சலில் போட்டார். உருண்டைக்குத் தலை எது என்று பார்சல் ஆபீசில் யாரும் கேட்கவில்லை.

அது கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்ததும் பாய் கூப்பிட்டார். "வந்துச்சுங்ணா. கல்லாட்டம் இருக்குது. காத்துக்குக் கதவு அடிக்காம இருக்க முட்டு வெச்சிருக்கறன்."

அண்ணனுக்கு முதல்முறையாகத் தானே ரிஜெக்ட் ஆகும் பயம். "அப்போ ஃபெயிலா?"

"வெளிய மட்டுந்தாங்ணா. செதுக்கிப் பாத்தன். நடுவுல நம்மூரு வாசன அப்டியே இருக்குது."

பாயின் பாட்டில் வந்து சேர்ந்தபோது மார்கழி. மூடியைச் சுற்றி டேப், மேலே தேதி. அண்ணன் அதைத் திறக்கவில்லை. மருந்தை எப்போது கொடுக்க வேண்டும் என்று கணக்கு உண்டல்லவா? சரோஜாக்காவுக்கு மூச்சு மோசமாக இருக்கும் ஒரு காலைக்காகக் காத்திருந்தார். அதிக நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

அன்று பனியில் எதிர்வீடு தெரியவில்லை. அக்காவை வராந்தா நாற்காலியில் உட்காரவைத்து, கம்பளி போர்த்தி, மூக்குக்குக் கீழே பாட்டிலைப் பிடித்து மூடியைத் திருகினார். பால் வாங்க வந்தவர்கள், முதல் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏற நின்றவர்கள் எல்லோரும் பார்த்தோம். அக்கா இழுத்தார்.

"என்ன தெரியுது?" என்றார் அண்ணன்.

"யாரோ இதுல மின்ன ஆரஞ்சு ஜூஸ் குடிச்சிருக்கறாங்க."

தெருவே சிரித்தது. அக்காவும் சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவில்லை. நெஞ்சில் விசில் எழுந்து, உதடு நிறம் மாறி, கை காற்றில் எதையோ தேடியது. யாரோ ஓடிப்போய் இன்ஹேலரை எடுத்து வந்தார்கள். அதை அழுத்திப் பிடித்த பிறகுதான் அவருக்கு மெல்ல மூச்சு திரும்பி வந்தது. கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்துவிட்டு நின்றிருந்தது. அண்ணன் ஒரு கையில் காலி பாட்டிலும் மறு கையில் மூடியுமாக நின்றார். பிறகு, என்ன நினைத்தாரோ, பாட்டிலை மறுபடி இறுக்கி மூடினார்.

அன்று மதியம் அந்தமானுக்கு இரண்டு டிக்கெட் எடுத்தார். மஞ்சள் ஸ்டிக்கர் மஞ்சளாகவே இருந்தது. "நேர்ல இன்ஸ்பெக்சன் பண்ணாம பச்ச ஒட்ட மாட்டன்" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார். பெட்டியில் எண்ணெய்த் துணி சுற்றிய வெர்னியர். தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்று வரும்போது அவர் கேட்டு வாங்கி வந்த ஒரே பொருள் அது. குழந்தையைத் தூக்கக் கொடுப்பவர்கள்கூட நம்மைக் கொஞ்சம் நம்பிக் கொடுப்பார்கள். இதை எங்கள் யார் கையிலும் அவர் கொடுத்ததில்லை.

அங்கிருந்து வந்த போன்கள் எல்லாமே புகார்கள்.

"தம்பி, தீவு மொத்தமும் துருப் புடிச்சிக் கெடக்குது. பாய் கட ஷட்டர் துரு. கேட்டு துரு. பூட்டு துரு. ஒரு நட்டு போல்ட்டு பாஸ் ஆவாது."

"உப்புக்காத்து இல்லீங்களாண்ணா."

"எதா இருந்தா என்ன? துருன்னா ரிஜெக்ட்தான?"

தரம் பார்க்கிறவருக்குத் துருவை விடப் பெரிய பாவம் கிடையாது. அளவு தப்பினால் சரி செய்யலாம், துரு ஏறினால் துண்டையே தூக்கிப் போட வேண்டும் என்பது அவர் பாடம். அந்தமானும் போயிற்று என்று தெரு முடிவு செய்தது. அடுத்தது எது என்று நான்கூட வரைபடத்தைப் பார்த்தேன். பசிபிக்கில் சில புள்ளிகள் மிச்சமிருந்தன.

மாசி பிறந்த பிறகு ஒரு காலை அண்ணன் வந்து இறங்கினார். தனியாக. குல்லா இல்லை. முகம் கறுத்திருந்தது.

"என்னண்ணா, சிவப்பா?" என்று பால்காரர் கேட்டார்.

அண்ணன் பெட்டியைத் திறந்து எண்ணெய்த் துணியைப் பிரித்தார். வெர்னியரின் தாடையில் செம்மண் நிறத்தில் துரு படர்ந்திருந்தது. கேலி செய்ய வந்தவர்கள் எல்லோரும் குனிந்து அதைப் பார்த்தோம்.

"தெனமும் எண்ண போட்டுத்தான் வெச்சிருந்தன்" என்றார்.

பிறகு எழுந்து வரைபடத்துக்குப் போனார். மஞ்சள் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தார். பையைத் துழாவினார். அவரிடம் பச்சை இல்லை. முதல் ஷிப்ட் முடிந்து வந்த பழைய சிநேகிதர் ஒருவர் தொழிற்சாலையிலிருந்து ஒன்று கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் ஒட்டினார். கோணலாக ஒட்டினார். சரி செய்யவில்லை.

"அக்கா எங்கண்ணா?"

"அங்கதான். களி கிண்டிக்கினு இருக்கறா. பாய் கடையில பாதிய ஒதுக்கிக் குடுத்துட்டாரு. நம்ம பக்கத்து ஆளுங்க அங்க இத்தினி பேரு இருக்கறது எனக்குத் தெரியவே தெரியாது தம்பி. ஒருத்தர் மொத வாய் சாப்ட்டுட்டு எந்திரிச்சிப் போயி கடலப் பாத்து நின்னுக்கினாரு."

"துரு?"

"தொடச்சிக்கலாம்" என்றார்.

இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நாங்கள் கேட்டதில்லை.

இரண்டு நாளில் சாமான்களைக் கட்டினார். களிக்குண்டான், துடுப்பு, ராகி மூட்டை எல்லாம் சென்னைத் துறைமுகம் போகும் லாரியில் ஏறின. ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்து, லாரிக்காரரை மூன்றாவது முடிச்சை அவிழ்த்துக் கட்டச் சொன்னார். கிளம்பும்போது வெர்னியரை என் கையில் கொடுத்தார். "ஓசூர்லயே இருக்கட்டும் தம்பி. இங்க துருப் புடிக்காது. நடுநடுவுல எடுத்து ஏதாச்சும் அளந்து பாரு, பழக்கம் போயிரும் அதுக்கு." இப்போதும் மாதம் ஒருமுறை எண்ணெய் போடுகிறேன்.

வீட்டுச் சாவியையும் என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார். மாலையில் வீட்டுக்காரர் வந்தபோது கதவைத் திறந்து காட்டினேன். வீடு பெருக்கித் துடைத்திருந்தது. உள்ளறை மூலையில், ஒன்றின் மேல் ஒன்றாக, அக்காவின் மூன்று தலையணைகளில் இரண்டு இருந்தன.