தூக்குக்குண்டுச் சித்தர் ஆள் கண்டுபிடித்த கதை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அன்று பாதிப் பேர் வேலை பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்கள்? தூக்குக்குண்டுச் சித்தர் வந்திருக்கிறார். பரந்தாமனின் மென்பொருள் கம்பெனி வாசலில் வாழைமரம் கட்டியாயிற்று, பூசணிக்காய் உடைத்தாயிற்று. பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் பார்க்கிங்கில் நின்று செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

சித்தர் முன்பு செம்பரம்பாக்கம் பக்கத்து வயல்களில், முருகன் பேரைச் சொல்லி, கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டு நீரோட்டம் பார்த்துவந்தார். வயல்களெல்லாம் பிளாட் ஆனபின் கிணறு வெட்ட ஆளில்லை. அதனால் தண்ணீரைக் கண்டுபிடித்த குண்டு மனிதர்களைக் கண்டுபிடிக்கக் கிளம்பியது. தண்ணீர் கிடைத்ததா என்று மட்டும் அந்த வயல்காரர்களைக் கேட்டுவிடாதீர்கள்.

விஷயம் இதுதான். "உங்கள் அலுவலகத்தில் தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் பயமில்லாமல் வேலை பார்க்கிறார்களா?" என்று வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. பரந்தாமன் தீவிரமாக யோசித்தார். வரவேற்பதென்றால் ஆள் யாரென்று தெரியவேண்டாமா? உடனே சித்தருக்கு ஆளனுப்பினார். நிறையப் படித்தவர், வேறெப்படி யோசிப்பார்?

சித்தரின் சோதனைக்கு ஊழியர்களோடு வரிசையில் நின்ற கிஷோருக்கு உள்ளங்கை வியர்த்தது. வானகரத்தில் அவன் ஜெகதீஷோடு வாழ்கிறான். வீட்டுக்காரரிடம் 'மாமா பையன்' என்று சொல்லிவைத்திருக்கிறான். உண்மை தெரிந்தால் வீடு போகும், வேலையும் போகலாம். குண்டு சொல்வது பொய்யென்று புத்திக்குத் தெரியும். வியர்வைக்குத் தெரியவில்லை.

நீட்டிய கைக்கு மேல் குண்டு நேராக ஆடினால் 'சுத்தம்', வட்டமடித்தால் 'கலப்பு', அதாவது தேடிவந்த ஆள். இதுதான் சித்தரின் சாத்திரம். அவர் கிஷோரின் முறுக்கு மீசையைப் பார்த்தார். குண்டு நேராக ஆடியது.

"சுத்த ஆம்பள. டவுட்டே கெடயாது நைனா."

பக்கத்துச் சீட்டுத் தமிழரசு தோளில் தட்டினான். "இன்னா மச்சான், சித்தரே சர்டிபிகேட் குட்த்துட்டாரு. இனிமே பொண்ணு பாக்க வேண்டிதான்."

கிஷோருக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கங்கெட்ட நிம்மதி.

அடுத்தவள் திவ்யா. சித்தர் அவளுடைய குட்டை முடியைப் பார்த்தார். குண்டு வட்டமடித்தது.

"இந்தப் பொண்ணாண்ட கலப்பு கீது."

"ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணில மொட்டை போட்டேன் சாமி. அதான் முடி இப்படி."

"வேண்டுதல்னு சொல்லிக்கினு எத்தினி பேரு மறைக்கிறாங்கோ, எனுக்குத் தெரியாதா?"

முருகனுக்கு முடி கொடுத்தவளை முருகன் பேரைச் சொல்லிப் பிழைப்பவரே மாட்டிவிட்டார். பரந்தாமனுக்கோ ஆள் கிடைத்த ஆனந்தம். லிஃப்ட் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, வானவில் நிறத்தில் பலூன் கட்டச் சொன்னார்.

"பயப்படாதம்மா. உனக்குன்னு தனி இடம், தனி கப்பு. நாம எல்லாரையும் அரவணைக்கிற கம்பெனி."

எல்லோரும் கைதட்டினார்கள். மதியச் சாப்பாட்டுக்கு அவள் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. யாரோ புண்ணியவான் அவள் பலூன் நாற்காலியில் இருக்கும் படத்தை அவளுக்குப் பேசிமுடித்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவிட்டான். நிச்சயதார்த்தத்தைத் தள்ளிவைக்கலாம் என்று அங்கிருந்து போன் வந்தது. அவள் பலூன்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். கிஷோருக்குத் தன் மீசை மேலேயே ஆத்திரம் வந்தது.

சாயந்தரம் 'கலப்பானவரை நேராக்கும்' பரிகார பூசை. வரவேற்கவும் வேண்டும், நேராக்கவும் வேண்டும், இரண்டையும் ஒரே ஆள் செய்து தருகிறார். கிஷோர் முன்னால் வந்தான்.

"சாமி, கண்ணைக் கட்டினாலும் குண்டு சொல்லுமா?"

கூட்டமே பார்க்கிறது. சித்தர் பின்வாங்க முடியுமா?

"குண்டுக்கு இன்னாத்துக்கு நைனா கண்ணு? கட்டு."

திவ்யாவின் துப்பட்டாவால் கட்டினான். "திவ்யா, கையை நீட்டுங்க" என்று உரக்கச் சொல்லிவிட்டு, பரந்தாமனைப் பார்த்துத் தலையசைத்தான். ஆள் மாறியதையும் குண்டு சொல்லிவிடும், சித்தரின் மகிமையை ஊரறியும் என்ற ஆசையில், திவ்யாவுக்குப் பதில் பரந்தாமனே தன் மோதிரக் கையை நீட்டினார்.

குண்டு வட்டமடித்தது.

"அதே கலப்பு. இந்தப் பொண்ணுக்குப் பெரிய பூசையாப் போட்டாத்தான் சரியாவும்."

சிரிப்பில் கூரை அதிர்ந்தது. பரந்தாமன் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"போட்டோ எடுக்காதீங்கப்பா. என் மாமனார் வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆவும்?"

"இப்ப பயமா இருக்கா சார்? திவ்யாவுக்குக் காலையிலேருந்து அப்படித்தான் இருக்கு" என்றான் கிஷோர்.

சித்தர் கட்டை அவிழ்த்தார். "கண்ணைக் கட்னா சக்தி மாறும் நைனா. தொறந்து பாத்தாத்தான் சுத்தமாச் சொல்லும்."

அத்தோடு விட்டிருக்கலாம். கிஷோரால் விடமுடியவில்லை.

"தொறந்து பார்த்துதானே என்னை சுத்தம்னீங்க? என் வீட்ல இருக்கிறவர் பேரு ஜெகதீஷ். மாமா பையன் இல்ல, நான் விரும்பி வாழற ஆளு. நான் ஆம்பளதான் சாமி, அதுல ஒண்ணும் குறை இல்ல. ஆனா நீங்க தேடி வந்த ஆள் நான்தான்."

யாரும் சிரிக்கவில்லை.

"இன்னா மச்சான், இத்தினி வருசமா பக்கத்துல குந்திகினு கீறேன். என்னாண்ட கூட சொல்லலியே?" என்றான் தமிழரசு.

"சொல்ற மாதிரியா வச்சிருந்தீங்க?"

வெளிநாட்டுக்காரர் கேட்ட கேள்விக்கு அன்றுதான் பதில் கிடைத்தது. சித்தர் படிக்கட்டு வழியாக நழுவிவிட்டார். திவ்யா தன் நாற்காலியைப் பழைய இடத்துக்குத் தூக்க, மறுபக்கத்தைக் கிஷோர் பிடித்தான். கொஞ்ச நேரம் நின்று பார்த்த தமிழரசு, பலூன்களை அவிழ்க்க ஆரம்பித்தான்.

குண்டை ஆட்டியது சித்தரின் விரல். அதைப் பார்த்து ஆமாம் ஆமாம் என்று ஆடிய தலைகளை ஆட்டியது யார்? கழுத்து உங்களுடையதுதானே ஐயா, அதன் மேலே இருப்பதையும் கொஞ்சம் பயன்படுத்துங்கள்.