மாப்பிள்ளைக்கு மோரும் சோறும்

கூச்ச சுபாவம் உள்ளவன் செய்யக்கூடாத தொழில் ஒன்று உண்டென்றால், அது வந்தவர்களைத் தங்கவைக்கும் தொழில்தான். நான் அதைத்தான் செய்கிறேன். ஐந்தாம் வகுப்போடு முடிந்த படிப்பில்கூட, 'உள்ளேன் ஐயா' சொல்லக் கூச்சப்பட்டு, வகுப்பில் உட்கார்ந்துகொண்டே பாதி நாள் 'வராதவன்' ஆனவன் நான்.

இலஞ்சியில் தென்னந்தோப்புக்குள் எங்களுக்கு இரண்டு காட்டேஜ்கள். பேச்செல்லாம் என் மனைவி செல்வி; குழாய், மோட்டார், பல்பு நான். மாசியில் பக்கத்துக் குற்றாலத்து அருவிகள் வெறும் பாறையாக நிற்கும், ஒருவரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள். அதனால் எங்கள் மகள் இணையத்தில் 'வயல்வெளியில் காலை நடை உண்டு' என்று போட்டுவிட்டாள். சென்னையிலிருந்து நான்கு பேர் வந்துவிட்டார்கள்.

நான் அவர்களை நடைக்குக் கூட்டிப்போக வேண்டிய ஞாயிற்றுக்கிழமைதான் ஊரின் மறுகோடியில் செல்வியின் அண்ணன் கட்டிய புது வீட்டுக்குப் பால்காய்ப்பு.

"நீங்க வரலன்னா அண்ணன் ஆறு மாசம் பேசமாட்டான்" என்றாள் செல்வி. "காட்டேஜுக்கு ஆள் வந்திருக்குன்னா, 'என்னையவிட அது பெருசா'ம்பான். ஒங்களுக்கு வயித்தால போகுதுன்னு சொல்லிருதேன். அதுக்குத்தான் யாரும் குறுக்குக் கேள்வி கேக்க மாட்டாங்க. அந்தத் தெருப்பக்கம் மட்டும் போயிராதீங்க. பொறந்த வீட்ல என் மானம் ஒங்க கையில இருக்கு."

(கையில் இல்லை, காலில் இருந்தது.)

குளத்தங்கரை வரை போய்த் திரும்புவதாகத்தான் திட்டம். ஆனால் எங்கள் ஊரில் எதிரே வருகிறவர் "எங்க போறிய?" என்று கேட்காமல் விடமாட்டார். என் பின்னாலோ தொப்பியும் கைத்தடியுமாக நான்கு பேர். டீக்கடையிலிருந்தே ஆரம்பித்துவிட்டது.

"அண்ணாச்சி, யாரு இவங்க? சினிமாக்காரங்களா?"

நடையை எட்டிப்போட்டேன். அதன் பிறகு தூரத்தில் ஒரு தலை தெரிந்தாலே வழியை மாற்றினேன். மாட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்தார், வரப்பில் இறங்கினேன். வாய்க்காலில் பெண்கள் துவைத்தார்கள், அறுப்பு முடிந்த வயலுக்குள் திரும்பினேன்.

"யாருமே போகாத வழியா கூட்டிட்டுப் போறீங்கண்ணா, சூப்பர்!" என்றார் நால்வரில் ஒருவரான சென்னை அம்மா.

நானும் போனதில்லை. பிறந்த ஊரிலேயே வழி தெரியாமல் நின்றது அன்றுதான். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. "பசிக்குதுண்ணா" என்றார்கள். ஒரு தோப்பு வேலியில் இடைவெளி தெரிந்தது. நுழைந்துவிட்டால் ரோடு வரும் என்று நுழைந்தேன்.

ரோடு வரவில்லை. கோட்டை அடுப்பில் அண்டா நிறையச் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. எதிரே பாயச வாளியுடன் மச்சான். அவர் பின்னால் அப்பளத் தட்டோடு செல்வி.

புது வீட்டுத் தெருவுக்குப் போகவில்லை, கொல்லைப்புறமாக வந்துவிட்டேன்.

மச்சான் என்னைப் பார்த்தார். பிறகு நான்கு ஜோடி ஷூக்களைப் பார்த்தார். "மாப்ள, எந்திரிக்கவே முடியலன்னு தங்கச்சி சொன்னாளே?"

செல்விதான் முந்தினாள். "இவங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க போலண்ணே!"

அதே நேரத்தில் சென்னை அம்மா கைதட்டினார். "லஞ்சுக்கு ஏற்பாடே பண்ணிட்டீங்களாண்ணா!"

இரண்டுக்கும் சேர்த்து ஒரே தலையாட்டலாக ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்தவர்களைப் பட்டினியாக அனுப்புகிறவர் இல்லை மச்சான். நால்வரையும் கூட்டிப்போய்ப் பந்தியில் உட்காரவைத்தார். பக்கத்தில் என்னையும் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு, பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"ஏலே, மாப்ளைக்கு மட்டும் மோரும் சோறும் போடு. வயிறு தாங்காது பாத்துக்கோ."

அவியலும் பாயசமும் என் இலையைத் தாண்டிப் போயின. தலை நிமிராமல் சாப்பிட்டேன். செல்வி என் பக்கமே திரும்பவில்லை.

மச்சான் ஆறு மாதம் பேசாமல் இருந்திருக்கலாம். பேசிக்கொண்டே இருக்கிறார். எந்த விசேஷத்திலும் நான் இலைமுன் உட்கார்ந்ததும், எங்கிருந்தாவது குரல் வரும்: "மாப்ளைக்கு மோரும் சோறும்!"

போன மாதம் எங்கள் மகளின் நிச்சயதார்த்தம். பரிமாற வந்தவரை எனக்கு முன்பின் தெரியாது. அவர் நேராக மோர் வாளியோடு என் இலைக்கு வந்தார். பக்கத்தில் இருந்த சம்பந்தி பதறிப்போய் என் காதருகே குனிந்தார்.

"வயிறு இப்ப எப்படி இருக்கு?"

"பரவால்ல" என்றேன்.