அலையாரும் ஒரு தர்பூசணியும்

அடுத்தவர் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று கண்டுபிடிப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஓர் இனம் உண்டு. ஜோசியரைச் சொல்லவில்லை ஐயா, மாமியாரையும் சொல்லவில்லை. மூளை அலை ஆராய்ச்சியாளரைச் சொல்கிறேன். இந்த இனத்தை எனக்கு நெருக்கமாகத் தெரியும். எவ்வளவு நெருக்கம் என்று துருவாதீர்கள்.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். எதிரே வருபவரின் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். கண் நேராக நெற்றிக்கு மேலே போய்விடும். வழுக்கைத் தலையைக் கண்டால் நாக்கில் எச்சில் ஊறும், கம்பி ஒட்ட அதைவிடத் தோதான இடம் ஏது? வீட்டுக்கு வந்த சகலையிடம் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதற்கு முன்னால் "ஒரு மணி நேரம் அசையாம உக்காருவீங்களா?" என்று கேட்பார்கள். அப்புறம் சகலை ஏன் வருகிறார்?

நம்மவரும் அந்த ரகம்தான். சொந்தக்காரர்கள் வைத்த பெயர் அலையார். கம்பி பதித்த தொப்பியை ஒருவர் தலையில் மாட்டி, முடிக்குள்ளே பசையைப் பிதுக்கி, மேலே காந்தச் சுருளை வைத்து 'டக்' என்று ஒரு தட்டுத் தட்டி, அந்தத் தட்டுக்கு மூளை எந்தத் தாளத்தில் பதில் சொல்கிறது என்று திரையில் ஓடும் கோடுகளை வாய் பிளந்து பார்ப்பது இவர் உத்தியோகம். உட்கார்ந்திருப்பவர் கண் சிமிட்டக் கூடாது, பல்லைக் கடிக்கக் கூடாது, எச்சில்கூட விழுங்கக் கூடாது. விழுங்கினால் கோடு கெட்டுவிடும். அலையாரின் முகமும் கெட்டுவிடும்.

இப்பேர்ப்பட்டவருக்கு ஒரு யோகம் அடித்தது. தட்டு விழுந்ததும் யாரும் அதுவரை பார்த்திராத ஒரு தாளம்! ஒரே சீராக, எல்லார் தலையிலும். தபால்காரர் தலையிலும் அதே, பல் டாக்டர் தலையிலும் அதே. அலையார் தரையிலேயே நடக்கவில்லை. வேலையோ அந்த மாதத்தோடு முடிகிறது. தாளம் நிலைத்தால் இவரும் நிலைப்பார், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

துறைத் தலைவர் லேசுப்பட்டவர் இல்லை. வாலிபத்தில் தானே ஒரு தாளத்தைக் கண்டுபிடித்து, அந்தப் புகழில் நாற்காலியைப் பிடித்தவர். "மூளையே இல்லாத எதுலயாவது வச்சுப் பாத்தியா? அதுல வரலேன்னாதான் நம்புவேன். மத்தியானம் வர்றேன்" என்று சொல்லிவிட்டார்.

ஆகவே அன்று காலை ஆய்வறைக்கு இரண்டு பேர் வந்தார்கள்: அலையாரின் மனைவி, ஒரு தர்பூசணி. கணக்கு டீச்சரான அந்த அம்மாள், லீவு போட்டு, தலை நிறையப் பசையோடு பொறுமையாக உட்கார்ந்து எழுந்தார். தாளம் வந்தது. அடுத்து தர்பூசணிக்குத் தொப்பி மாட்டினார்கள். டக்.

தாளம் வந்தது!

அலையார் பழத்தைத் திருப்பி வைத்தார், கம்பியை மாற்றினார், மின்விசிறியை நிறுத்தினார். ஊஹும். பழத்துக்கும் உள்ளூர ஏதாவது யோசனை இருக்குமோ என்றுகூட ஒரு கணம் நினைத்தார். சிரிக்காதீர்கள், படித்தவர்.

"என் மூளையும் இந்தப் பழமும் ஒண்ணுதான்னு சொல்லவா லீவு போட வச்சீங்க?" என்றார் மனைவி.

"சும்மா இரேன். என் பொழப்பே போகுது!"

"மொதல்ல காலை ஆட்டுறத நிறுத்துங்க. மேசையே கிடுகிடுங்குது. கல்யாணம் ஆனதுலேர்ந்து சொல்றேன், என்னிக்காவது காதுல வாங்கினீங்களா?"

கால் நின்றது. கோடும் படுத்துக்கொண்டது.

காந்தம் தட்டியதும் ஆவலில் இவர் கால் ஆடும். கால் ஆட மேசை ஆடும். மேசை ஆடக் கம்பி ஆடும். கம்பி ஆடக் கோடு ஆடும். "அடக் கடவுளே, இத்தனை நாளா என் முழங்காலையா ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தேன்? அதுக்குத்தான் தபால்காரருக்கு அவ்வளவு பசையா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

கூடவே ஒரு கெட்ட புத்தியும் வந்தது. பழத்துக்குக் காலை அடக்கிக்கொண்டால்? மனைவிக்கு மட்டும் ஆட்டினால்? தலைவர் கேட்ட சாட்சி கையில்! மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். பரீட்சையில் பக்கத்துப் பையனை எட்டிப் பார்ப்பவனைப் பார்க்கிற பார்வையை அந்த அம்மாள் ஏற்கெனவே தயாராக வைத்திருந்தார். கெட்ட புத்தி வந்த வழியே போய்விட்டது.

தலைவர் வந்தார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சார், அது மூளை இல்ல சார். என் கால்" என்று அலையார் ஒன்று விடாமல் ஒப்பித்தார். தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. அவர் நாற்காலியிலிருந்து மட்டும் கிறீச், கிறீச் என்று ஒரே சீராகச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அதை மூன்று பேருமே கேட்டார்கள். தலைவர் மெல்லக் குனிந்து தன் முழங்காலைப் பார்த்தார்.

சத்தம் நின்றது.

"இன்னும் ஒரு வருஷம் இருப்பா" என்றார், கம்மிய குரலில். "ஆடாத மேசையா ஒண்ணு வாங்கிக்க. பழைய ஆராய்ச்சியையெல்லாம் யாரும் கிளற வேணாம்."

வேலை பிழைத்தது. அலையார் பழத்தைத் துடைத்து மூன்று பேருக்கும் வெட்டினார். தன் பங்கை மட்டும் கடிக்காமல் தட்டிலேயே வைத்துவிட்டார்.

நீங்கள் ஆராய்ச்சியாளர் இல்லை, அதனால் இந்த இனத்தில் சேர்த்தி இல்லை என்றுதானே இதுவரை சிரித்துக்கொண்டு வந்தீர்கள்? உலகம் ஏன் இப்படி நிலையில்லாமல் ஆடுகிறது என்று நேற்று யாரிடமோ அலுத்துக்கொண்டீர்களே, நினைவிருக்கிறதா? கொஞ்சம் குனிந்து உங்கள் காலைப் பாருங்கள். ஆடவில்லையா? பார்த்தால் நின்றுவிடும், அதுதான் அதன் வழக்கம்.