கட்டிலை நகர்த்துவது யாருடைய ஊழியம்?

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு,

உனக்கும் அத்தானுக்கும் கிருபையும் சமாதானமும் பெருகுவதாக. மேற்படி கிருபையால் இங்கே நானும் சுகம். மண்டை மட்டும் குழம்பிக் கிடக்கிறது. நீ தலைமை நர்ஸாக இருந்தவள், அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன்.

எங்கள் சபைக் கமிட்டி போன மாதம் ஒரு தீர்மானம் போட்டது. போதகராகிய நான் வீடு வீடாகப் போய் ஜெபமும் ஆறுதலும் மட்டும் கொடுக்க வேண்டுமாம். மளிகை, மருந்து, சக்கர நாற்காலி எல்லாம் சேவைப் பிரிவுச் சகோதரி பார்த்துக்கொள்வாளாம். அவள் ஜெபித்தால் உதவியைக் காட்டி ஆள் பிடிக்கிறோம் என்று பேச்சு வரும். நான் சாமான் கொடுத்தால் சாமானுக்காகவே ஜெபத்துக்கு வருவார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது, நானும் தலையாட்டிவிட்டேன்.

இப்படியிருக்க, மனைவியை இழந்த தையல்காரர் ஒருவரைப் பார்க்கப் போனேன். மனுஷர் கட்டிலில் படுக்க மனமில்லாமல் தையல் மெஷின் பக்கத்தில் நாற்காலியிலேயே தூங்குகிறார், சாப்பாடும் சரியில்லை, ஆள் பாதியாகிவிட்டார். நான் வேதத்தைத் திறந்தால், "ஐயா, அது அப்புறம். இந்தக் கட்டிலை அந்தச் சுவர் பக்கம் தள்ளணும், ஒரு பக்கம் பிடிங்க" என்கிறார். "அது சேவைப் பிரிவுங்க, சகோதரியை அனுப்பறேன்" என்றேன். சொல்லும்போதே நாக்கு கூசியது. சகோதரி போய்க் கட்டிலில் கை வைத்ததுதான் தாமதம், அவர் கேவிக் கேவி அழுது, "ஒரு ஜெபம் பண்ணும்மா" என்றிருக்கிறார். இவள் பதறிப்போய், "அது ஐயாவோட வேலைங்க" என்று கட்டிலை அறைக்குக் குறுக்கே அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டாள்! மறுநாள் இருவருமாகப் போனோம். கதவைத் திறக்காமலே, "ரெண்டு பேரும் பாதிப் பாதியா வர்றீங்க. முழு ஆளா யாராவது வந்தா திறக்கறேன்" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது அக்கா.

நேற்று வேதத்தை வீட்டில் வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு தனியாகப் போனேன். கதவு திறந்தது. கட்டிலைத் தள்ளினோம், மூச்சு வாங்க அதன் மேலேயே உட்கார்ந்தோம், பேசினோம், அழுகை வந்தது, ஜெபமும் ஆனது. இப்போது கமிட்டிச் செயலாளர், "ஐயா, இது எந்தப் பிரிவுல வரும்?" என்று விடாமல் கேட்கிறார். நீ நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்தது உடம்புக்கா, ஆத்துமாவுக்கா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எப்படியோ, துக்கத்தில் இருந்தவரைத் தேற்றிவிட்டேன். என்னைப் பற்றி உனக்குக் கவலையே வேண்டாம்.

அத்தானின் முழங்கால் வலிக்காக ஜெபிக்கிறேன்; தைலமும் அனுப்புகிறேன். கமிட்டிக்குச் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதியதை அப்படியே நம்பிவிடாதே. அந்தக் கட்டிலில் உட்கார்ந்து அழுதது நான். ஜெபம் பண்ணியது அவர். என் பெண்டாட்டி கர்த்தரிடம் போய் ஒரு வருஷமாகியும் நானும் கூடத்து நாற்காலியில்தான் தூங்குகிறேன் என்று எப்படியோ உளறிவிட்டேன். மனுஷர் இப்போது என் படுக்கையறையில் வந்து நிற்கிறார். "எழுதினது போதும் ஐயா, அந்தப் பக்கம் பிடிங்க" என்கிறார். போகிறேன்.